ஐந்தாம் அறிவுக்குக் காவல்



உயிர்களை ஓரறிவு முதல் ஐயறிவு வரை வகுக்கும் சமண மரபு, செவியை ஐந்தாம் அறிவின் வாயிலாக வைத்தது. தொல்காப்பியத்தின் மரபியலும் அவ்வரிசையையே சொல்கிறது. அச்செவி விருதுநகர் மாவட்டத்தில் படும் பாடே இவ்வுரையின் பொருள்.

1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்ததைச் சிவகாசியில் அறியாதவர் இல்லை. அதையொட்டி வளர்ந்த பட்டாசுத் தொழிலில் ஒரு விந்தை உண்டு. நாட்டுக்கே ஓசை அனுப்பும் அந்த அறைகள் பெரும்பாலும் அமைதியானவை. மருந்து செலுத்துவதும் திரி வைப்பதும் கைவேலை. நாள் முழுதும் இரைச்சலில் நிற்பவர் அருப்புக்கோட்டை விசைத்தறிக்காரரும் இராசபாளையம் நூற்பாலைத் தொழிலாளரும்தாம். பட்டாசுத் தொழிலாளியின் செவிக்குக் கேடு வருவது, வெடித்துப் பார்க்கும் திடலிலும் விபத்தின் நொடியிலும்.

விபத்தில் எழும் அழுத்த அலை செவிப்பறையைக் கிழிக்க வல்லது. தீக்காயத்தோடு உயிர் ஊசலாடும் வேளையில் காதை எவரும் எண்ணார், அது இயல்பே. ஆனால் புண் ஆறி வீடு திரும்பியவர், காதுக்குள் ஓயாத இரைச்சல் என்றும், படுக்கையில் புரண்டால் தலை சுற்றுகிறது என்றும் சொன்னால், அதைப் பலவீனம் என்று தள்ளிவிடலாகாது. கேட்கும் நத்தைச்சுருளும் உடலின் சமநிலை காக்கும் மூன்று அரைவட்டக் குழல்களும் ஒரே எலும்புக் கூட்டுக்குள் அடுத்தடுத்து அமைந்தவை. அதிர்ச்சியில் உட்செவியின் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம்பெயர்ந்து குழலுக்குள் புகுந்தாலும் சுற்றல் வரும். அதற்கு எப்லி முறை என்று ஒன்று உண்டு: மருத்துவர் தலையைச் சில நிலைகளில் திருப்பி, துகள்களைப் பழைய இடத்துக்கே அனுப்புகிறார். மருந்தே இன்றி அதில் குணமடைந்தோர் பலர்.

செவிக்குறை அவ்வளவு எளிதன்று. ஒரு காதில் ஏறத்தாழ 15,000 நுண்மயிர் செல்களே உள்ளன. மாய்ந்தவை மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. பறவைகளில் முளைக்கின்றன என்பது 1980களில் தெரியவந்தது. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் வேட்டங்குடிப் பறவைகளுக்காகத் தீபாவளி வெடியையே துறந்தவர்கள். இழந்த செல்லை மீட்கும் பறவைக்கே அக்காவல் என்றால், மீட்க இயலாத குழந்தைக்கு எவ்வளவு வேண்டும்!

2009இல் அமெரிக்காவில் குஜாவா, லிபர்மன் என்னும் இருவர் எலிகளிடம் கண்டது இன்னும் கவலை தருவது. பேரொலிக்குப்பின் அவற்றின் கேள்திறன் சில நாளில் இயல்பு நிலைக்குத் திரும்பியது. செல்லையும் நரம்பையும் சேர்க்கும் இணைப்புகளிலோ பெரும்பகுதி அழிந்து கிடந்தது. “காது அடைத்தது, மறுநாள் சரியாகிவிட்டது” என்ற ஆறுதலை அவ்வாய்வு அசைத்துவிட்டது. குறைந்த ஒலியை ஈடுசெய்ய மூளை தன் உணர்வைக் கூட்டிக்கொள்வதால்தான் காதிரைச்சல் எழுகிறது என்பது இன்று பலர் ஏற்கும் விளக்கம். அதை முற்றும் நீக்கும் மருந்து இல்லை. கேள்கருவியும் முறையான ஆலோசனையும் துன்பத்தைத் தணிக்கும்.

1999ஆம் ஆண்டு விதிப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் ஒலி 125 டெசிபலைத் தாண்டலாகாது. தொலைவு பாதியானால் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். ஒரு மீட்டரில் நிற்கும் சிறுவனுக்கு 12 கூடும். சட்டம் அளப்பது நான்கு மீட்டரில். சிறுவன் நிற்பதோ திரியருகே.

மகாவீரர் வீடுபேறடைந்த நாளாகத் தீபாவளியைப் போற்றும் இல்லங்களில் விளக்குக்கே முதலிடம். ஆயினும் தெருவில் வெடித்ததில் ஒரு பிள்ளைக்குக் காது திடீரென மந்தமானால், விடுமுறை முடியட்டும் என்று காத்திராமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்க. எண்ணெய் விடுதல் வேண்டா, பறை கிழிந்திருக்கலாம்.