வருஷம் 600 ரூபா: நொய்யலுக்கு நான் ஏன் சந்தா கட்டுறேன்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

போன எபிசோட்ல டேட்டாபேஸ் பேக்கப் பத்திப் பேசினோம். இன்னைக்கு கோடிங் கிடையாது. இன்னைக்கு ஆறு. எங்க ஊர் ஆறு, நொய்யல்.

பெங்களூர்ல வேலை பாக்குற ஒரு நண்பர் கேட்டிருந்தார்: "ஊர் ஆத்துக்கு ஏதாவது செய்யணும்னு ஆசை இருக்கு. ஞாயித்துக்கிழமை வந்து குப்பை அள்ள முடியாது. பணம் குடுக்கலாம்னா யாருக்குக் குடுக்குறது, குடுத்தா அது எங்க போகும்?" என் பதில் இதுதான். உங்க ஊர்ல ஆத்துக்காக வேலை செய்யிற ஒரு சங்கம் இருந்தா, அதுல உறுப்பினராச் சேருங்க. ஒரே தடவை பெரிய தொகையா குடுக்காம, வருஷா வருஷம் சின்னதா சந்தா கட்டுங்க. ஏன்னு சொல்லணும்னா எங்க வீட்டுல இருந்து ஆரம்பிக்கணும்.

எங்க அப்பா திருப்பூர்ல ஒரு சாயப்பட்டறையில டையிங் மாஸ்டர். 2011 ஜனவரி கடைசியில சென்னை உயர் நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டுச்சு: கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளிய விடாத ஏற்பாடு வர்ற வரைக்கும் திருப்பூர்ல இருக்குற எல்லா சாய, சலவைப் பட்டறைகளையும் மூடணும். நான் அப்ப எட்டாவது. அப்பா காலையில கிளம்பிப் போனாரு, பத்து மணிக்கே திரும்பி வந்துட்டாரு. அந்த வருஷம் முழுக்க எங்க வீட்டுல "கரூர்க்காரங்க"ங்கிற வார்த்தை ஒரு திட்டு மாதிரியே ஓடுச்சு. கேஸ் போட்டது அவங்கதான். அம்மா வளையலை அடகு வெச்சதுக்கும் அவங்கதான் காரணம்னு நானும் நம்பிட்டிருந்தேன்.

அந்தக் கரூர்க்காரங்க யாருன்னு நான் தேடிப் படிச்சது காலேஜ் முடிச்சு, வேலைக்குச் சேந்த அப்புறம்தான்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில பொறந்து, கோயமுத்தூர், திருப்பூர் வழியா ஓடி, கரூர் மாவட்டத்துல காவிரியில சேருது. திருப்பூருக்குக் கீழ ஒரத்துப்பாளையம்னு ஒரு அணை. 1992-ல பாசனத்துக்காகத் திறந்தாங்க. சில வருஷத்துலேயே அது சாயக்கழிவு தேங்குற தொட்டி ஆயிருச்சு. கடைசியில கீழ இருக்குற விவசாயிங்களே "தண்ணி திறந்து விடாதீங்க"ன்னு சொல்ற நிலைமை. பாசனத்துக்குக் கட்டின அணையில இருந்து தண்ணியே வேண்டாம்னு சொன்னாங்க, யோசிச்சுப் பாருங்க.

இதுக்குக் காரணம் கலர் இல்ல, உப்பு. காட்டன் துணியில ரியாக்டிவ் சாயம் ஏறணும்னா தொட்டியில கிலோ கிலோவா உப்பு போடணும். சாதா உப்போ, கிளாபர் சால்ட்டோ. சாயம் துணியில ஏறும், உப்பு தண்ணியிலேயே நிக்கும். கலரை சுண்ணாம்பு, ரசாயனம் போட்டு எடுத்துடலாம், பாக்டீரியா வெச்சு மத்த அழுக்கையும் குறைக்கலாம். உப்பு மட்டும் அதுல எதுக்கும் அசையாது. அதுக்கு ஆர்.ஓ. வேணும், அதுல மிஞ்சுறதைக் கொதிக்க வெச்சு ஆவியாக்க எவாப்பரேட்டர் வேணும். ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்னு சொல்றது இதைத்தான். செலவு ஜாஸ்தி, அதான் எல்லாரும் தள்ளிப் போட்டாங்க.

விவசாயிங்க என்ன பண்ணாங்க? நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம்னு ஒரு சங்கத்தோட பேர்ல 2003-ல உயர் நீதிமன்றம் போனாங்க. 2006 டிசம்பர்ல உத்தரவு வந்துச்சு, அதுல பட்டறைங்க வெளிய விடுற கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசான்னு அபராதம் ஆரம்பிச்சுச்சு. பட்டறை முதலாளிங்க உச்ச நீதிமன்றம் போனாங்க, 2009-ல அங்கயும் சங்கத்துக்கு சாதகமாத்தான் தீர்ப்பு. அப்புறமும் கழிவு நிக்கல. மறுபடி நீதிமன்றம், 2011-ல மூடுற உத்தரவு.

2003-ல இருந்து 2011. எட்டு வருஷம். ஒரு சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்ட எட்டு வருஷம் ஓட்டுறது எவ்ளோ கஷ்டம்னு நமக்குத் தெரியும், அதுவும் சம்பளம் வாங்கிட்டு. ஒரு தனி ஆள் எட்டு வருஷம் கேஸ் நடத்த முடியாது. உடம்பு சரியில்லாமப் போகும், பொண்ணு கல்யாணம் வரும், யாராவது வந்து தனியாப் பேசி விலகச் சொல்லுவாங்க. சங்கம்னா ஒரு செயலாளர் விலகினா இன்னொருத்தர் வந்து கையெழுத்துப் போடுவார்.

நான் செஞ்ச முதல் உதவி தப்பான உதவி. வேலைக்குச் சேந்த புதுசுல, குளத்துல ஆகாயத்தாமரை எடுக்குறாங்கன்னு யாரோ வாட்ஸ்ஆப்ல அனுப்பினாங்க. 5,000 ரூபா போட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை ஜேசிபி வந்துச்சு, எல்லாரும் டி-ஷர்ட் போட்டு போட்டோ எடுத்தோம். அடுத்த மழைக்கு அப்புறம் போனா திரும்பவும் பச்சைப் பசேல்னு மூடி நிக்குது. சாக்கடை உள்ள வர்ற வரைக்கும் அந்தச் செடிக்கு சாப்பாடு இருக்கு, அது வளரத்தான் செய்யும். குப்பை அள்ளுறதை நான் குறை சொல்லல. ஆனா அது அறிகுறிக்கு மாத்திரை போடுற மாதிரி.

அதுக்கப்புறம் ஒரு சின்ன சங்கத்துல சேந்தேன். பேர் சொல்லல, இது விளம்பரம் இல்ல. வருஷ சந்தா 600 ரூபா. சேந்தப்ப ஒரு ரிட்டயர்ட் ஆசிரியர் பில் புக்குல கார்பன் பேப்பர் வெச்சு ரசீது எழுதிக் குடுத்தாரு. யூபிஐ அனுப்புனாலும் அந்த ரசீது வரும்.

அவங்க செய்யிற வேலையைப் பாத்தா போட்டோ எடுக்கவே ஒண்ணும் இருக்காது. மாசத்துல முதல் ஞாயிறு அஞ்சு இடத்துல தண்ணி எடுத்து டிடிஎஸ் பாப்பாங்க, அதாவது தண்ணியில கரைஞ்சிருக்குற உப்போட அளவு. குடிதண்ணிக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேற வழியே இல்லைன்னா 2,000 வரைக்கும். இதைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க, வீட்டு போர் தண்ணிக்கும் உதவும். எண்ணை நோட்டுல எழுதுவாங்க. இப்ப நான் அதை ஷீட்ல ஏத்துறேன், அதுதான் என்னோட வேலை. அளவு திடீர்னு ஏறினா மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு லெட்டர். பதில் வரலைன்னா 10 ரூபா கட்டி தகவல் உரிமைச் சட்டத்துல மனு.

இங்க ஒரு நுணுக்கம். நம்ம கையில இருக்குற மீட்டர் காட்டுற எண்ணை வெச்சு ஒரு கம்பெனி மேல நேரா கிரிமினல் கேஸ் நடத்த முடியாது. 1974-ம் வருஷ தண்ணீர் சட்டப்படி, வாரிய அதிகாரி முறைப்படி நோட்டீஸ் குடுத்து எடுத்த மாதிரிதான் சாட்சி. அப்ப நம்ம நோட்டு எதுக்கு? அந்த அதிகாரியை சரியான இடத்துக்கு, சரியான நாள்ல வர வைக்க. மூணு வருஷம் விடாம எழுதின நோட்டு இருந்தா "அங்க எப்பவுமே இப்படித்தாங்க"ன்னு யாரும் தட்டிக் கழிக்க முடியாது. நம்ம பாஷையில சொன்னா, லாக் இல்லாம பக் ரிப்போர்ட் போட்டா யாரு பாப்பா?

இந்த மாதிரி வேலைக்கு யாரு காசு குடுப்பா? கம்பெனிங்களோட சிஎஸ்ஆர் பணம் மரக்கன்றுக்கு வரும், தூர் வார வரும், போர்டு வைக்க வரும். தகவல் உரிமை மனுவுக்கு வராது. இதை நான் நேர்லயே பாத்தேன். போன பொதுக்குழுவுல பொருளாளர் கணக்கு வாசிச்சாரு, கையிருப்பு 11 ஆயிரத்துச் சொச்சம். லேப் டெஸ்ட்டுக்கே பத்தாது. அதே கூட்டத்துல ஒரு கடிதமும் படிச்சாங்க. ஆத்தோரம் இருக்குற ஒரு ஆலை, மூணு லட்சம் தர்றோம், படித்துறையில எங்க பேரை எழுதுங்கன்னு கேட்டிருந்தது. அவங்க எந்தத் தப்பும் பண்ணினதா யாரும் சொல்லல. ஆனா நாம தண்ணி எடுக்குற அஞ்சு இடத்துல ஒண்ணு அவங்க மதில் சுவருக்குக் கீழ.

ஒரு மணி நேரம் வாக்குவாதம். "வாங்கிக்கலாம்ங்க, லேப் டெஸ்ட் பண்ணலாம்"னு ஒரு பக்கம். "நாளைக்கு அந்த இடத்துல அளவு ஏறினா லெட்டர் எழுதுற கை கூசும்ங்க"ன்னு ஒரு அம்மா சொன்னாங்க. கை தூக்கச் சொன்னாங்க. வேண்டாம்னு 19, வேணும்னு 14. நானும் வேண்டாம்னுதான் தூக்கினேன். வண்டியில திரும்பி வர்றப்ப மனசு சரியில்ல. மாசச் சம்பளம் வாங்குற எனக்கு மூணு லட்சத்தை வேண்டாம்னு சொல்றது ஈஸி, அது என் பணமே இல்லையே. அன்னைக்கு ராத்திரி கணக்குப் போட்டேன். 600 ரூபா கட்டுற 500 பேர் இருந்தா அதே மூணு லட்சம். எங்க சங்கத்துல இருக்குறது நூறு பேருக்கும் கம்மி.

அதனாலதான் சந்தா, சந்தான்னு சொல்றேன். 500 பேர்ல ஒருத்தர் கோவிச்சுக்கிட்டு விலகினா சங்கத்துக்கு 600 ரூபாதான் நஷ்டம். ஒரே ஆள் மூணு லட்சம் குடுத்தா, அவர் முகத்தைப் பாத்துத்தான் லெட்டர் எழுதணும்.

சேரும்போது ஒண்ணு கவனிங்க. சங்கமும் டிரஸ்ட்டும் ஒண்ணு இல்ல. டிரஸ்ட்ல அறங்காவலர்கள்தான் முடிவெடுப்பாங்க, பணம் குடுத்தவருக்கு ஓட்டு கிடையாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ல பதிவான சங்கத்துல உறுப்பினருக்கு பொதுக்குழுவுல ஓட்டு உண்டு, கணக்கு கேக்கலாம். டிரஸ்ட் எல்லாம் மோசம்னு சொல்லல, நல்லா வேலை செய்யிறதும் இருக்கு. ஆனா போன வருஷத் தணிக்கை அறிக்கையைக் கேளுங்க. ரெண்டு தடவை கேட்டும் குடுக்கலைன்னா வேற இடம் பாருங்க. வரி விலக்கு கிடைக்குமான்னு கேக்குறவங்களுக்கு: நீங்க புது வரி முறையில இருந்தா 80ஜி கழிவே கிடையாது, அந்தக் கணக்கை விட்டுடுங்க.

அப்பாகிட்ட நான் சேந்ததை ரொம்ப நாள் சொல்லல. ரசீதைப் பாத்துட்டு அவரே கேட்டாரு, "ஏங்கண்ணு, நீயும் கரூர்க்காரனாயிட்டயா?" சிரிச்சுட்டேதான் கேட்டாரு, ஆனா நான் சிரிக்கல. கேஸ் ஜெயிச்சதுல நியாயம் இருக்குன்னு இப்ப எனக்குத் தெரியும். எங்க வீட்டுல அந்த வருஷம் பட்ட கஷ்டமும் நிஜம். பட்டறை முதலாளி எப்படியோ சமாளிச்சுட்டாரு, நடுவுல மாட்டினது சம்பளக்காரங்க. இந்த ரெண்டையும் ஒண்ணா சேர்த்து வெச்சுப் பேச எனக்கு இன்னும் வரல.

ரெண்டு நாள் கழிச்சு அவரே வந்து உக்காந்தாரு. ஷீட்டைக் காட்டச் சொன்னாரு. கண்ணாடியை மாட்டிட்டு ஒவ்வொரு தேதியாப் பாத்தாரு. "எல்லாம் ஞாயித்துக்கிழமை காலையில எடுத்திருக்கீங்க"ன்னாரு.

"ஆமாப்பா, அப்பத்தான் எல்லாருக்கும் லீவு."

"ஞாயித்துக்கிழமை காலையில எவன் தண்ணி விடுவான்? நல்லா மழை பேயுற ராத்திரி போய் எடு. மழைத் தண்ணியோட கலந்து விட்டா யாருக்கும் தெரியாதுன்னு நெனைப்பாங்க. தண்ணி தெளிவா இருக்குன்னு ஏமாந்துறாத, உப்பு கண்ணுக்குத் தெரியாது."

இருவத்தஞ்சு வருஷம் தொட்டி பக்கத்துல நின்ன ஆள். எங்க சங்கத்துல யாருக்கும் இது தோணல.

அப்பா இன்னும் உறுப்பினர் ஆகல. கேட்டா "அதெல்லாம் வேண்டாம் சாமி"ங்கிறாரு. ஆனா போன வாரம் மழை பிடிச்சப்ப ராத்திரி ஒம்பதரைக்கு என்னை எழுப்பினது அவர்தான். டார்ச்சு அவர் பிடிச்சாரு, பாட்டில் நான் பிடிச்சேன். மூணு பாட்டில் எடுத்தோம், லேப்புக்குப் போயிருக்கு. செலவு இந்த வருஷ சந்தாவுல இருந்து. ரிசல்ட் வந்ததும் என்ன வந்தாலும் சொல்றேன்.

உங்க ஊர் ஆத்துக்கு சங்கம் இருந்தா எழுதுங்க, சந்தா எவ்வளவுன்னும் சேத்து எழுதுங்க. அடுத்த எபிசோட்ல திரும்ப கோடிங். வர்றேங்க.