முதுகுவலி என்று அலட்சியம் செய்யலாமா?

  

முதுகு வலித்தால் வாயு என்கிறோம். வயிறு வலித்தால் அல்சர் என்கிறோம். ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குச் சென்றுவிடுகிறோம். அவ்வலிக்குப் பின்னால் உயிரைப் பறிக்கவல்ல நோய் ஒன்று மறைந்திருக்கலாம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, முதுகெலும்பை ஒட்டி வயிற்றினுள் இறங்குகிறது. அங்கே அதன் அகலம் ஏறக்குறைய 2 செ.மீ. அது 3 செ.மீ. அளவுக்குப் பருத்துவிட்டால் தமனி வீக்கம் என்பர். இவ்வீக்கங்களுள் ஒரு சிறு பகுதி அழற்சி வகையைச் சேர்ந்தது. இதில் தமனிச் சுவர் தடித்து, சுற்றிலும் தழும்புத் திசு படர்ந்து, அருகிலுள்ள குடலையும் சிறுநீர் இறங்கும் குழலையும் பற்றிக்கொள்கிறது. குழல் நெரிபட்டால் சிறுநீரகமும் பழுதடையும்.

இதன் அடையாளங்கள் மூன்று: வயிற்றிலோ முதுகிலோ தீராத வலி; காரணமின்றி உடல் மெலிதல்; இரத்தப் பரிசோதனையில் இ.எஸ்.ஆர். உயர்வு. மூன்றும் எல்லோரிடமும் ஒருசேரத் தோன்றுவதில்லை. வீக்கத்தை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் காட்டும். தடித்த சுவரையும் சிக்கிய குழலையும் சி.டி. ஸ்கேன் தெளிவாக்கும்.

ஸ்டீராய்டு மருந்து அழற்சியைத் தணிக்கும், வீக்கத்தை நீக்காது. ஆண்களுக்கு அது 5.5 செ.மீ.யை எட்டினால் பொதுவாகச் சீர்செய்வர். வயிற்றைத் திறந்து செயற்கைக் குழாய் பொருத்துவது ஒரு வழி. தொடைத் தமனி வழியாக ஸ்டென்ட் குழாயைச் செலுத்துவது மற்றொன்று. ஒட்டிக்கொண்ட குடலைத் தீண்ட வேண்டியதில்லை என்பது இதன் நன்மை. சுவர் தடித்திருப்பதால் வெடிக்காது என்று எண்ணிவிடக் கூடாது; இவ்வகையும் வெடிப்பதுண்டு.

விஞ்ஞானி ஐன்ஸ்டீனுக்கும் பெருந்தமனி வீக்கம் இருந்தது. 1948இல் டாக்டர் ரூடால்ஃப் நிஸ்ஸன் அதன்மேல் செலோஃபேன் தாளைச் சுற்றினார். வீங்கிய பகுதியை வெட்டி, மாற்றுத் தமனி பொருத்தும் சிகிச்சையை டாக்டர் சார்லஸ் துபோஸ்ட் பாரிஸில் செய்தது 1951இல்தான். 1955 ஏப்ரலில் வீக்கம் வெடித்தபோது ஐன்ஸ்டீன் அறுவைச் சிகிச்சையை மறுத்துவிட்டார். 18ஆம் தேதி மறைந்தார்.

இந்நோயாளிகளில் பெரும்பாலோர் புகைக்கும் ஆண்கள். ஆகவே, பெரியவர்களே, பீடி சிகரெட்டை இன்றே விடுங்கள். 65 வயதைக் கடந்த, புகைத்துப் பழகிய ஆண்கள் ஒரு முறையேனும் வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். இளைஞர்களே, உங்கள் தந்தை வலி என்று சொன்னால், மருந்துக் கடைக்கு அனுப்பாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வலி திடீரென மிகுந்து மயக்கமும் வந்தால், ஒரு நொடியும் தாமதியாமல் பெரிய மருத்துவமனைக்கு விரையுங்கள். வெடித்த பின் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு.