சக்கரப் பூட்டு: யாருக்கு அதிகாரம் உண்டு?

(குடியிருப்பாளர் தகவல் அமர்வில் ஆற்றப்பட்ட உரை)



கடை வளாகத்திலோ அடுக்குமாடித் தரிப்பிடத்திலோ உங்கள் வாகனத்தின் சக்கரத்தைத் தனியார் ஒருவர் பூட்டிவிட்டுப் பணம் கேட்டால், அஞ்சிக் கொடுத்துவிடாதீர்கள். சட்ட அதிகாரமின்றி வாகனத்தைப் பூட்டுவதும் இழுத்துச் செல்வதும் இங்கிலாந்திலும் வேல்சிலும் 2012 ஒக்டோபர் 1 முதல் குற்றமாகும். ‘பூட்டப்படும்’ என்ற எச்சரிக்கைப் பலகை அங்கே இருந்தாலும் அது அதிகாரம் ஆகாது. காவற்துறைக்கு அறிவியுங்கள்.

காவற்துறை, உள்ளூராட்சி மன்றம், வாகன வரியைக் கண்காணிக்கும் டி.வி.எல்.ஏ., நீதிமன்ற ஆணை பெற்ற பெய்லிஃப் ஆகியோருக்கு இவ்வதிகாரம் உண்டு.

தனியார் நிறுவனங்கள் இன்று பூட்டுக்குப் பதிலாகக் கட்டண அறிவித்தல் அனுப்புகின்றன. அதற்கும் மன்றத்தின் தண்டப்பண அறிவித்தலுக்கும் பி.சி.என். என்பதே சுருக்கப்பெயர். ஆகவே, அனுப்பியவர் யாரென முதலில் பாருங்கள்.

தனியாருடையதாயின், அந்நிறுவனத்திடமே எழுத்தில் ஆட்சேபியுங்கள். அலட்சியம் செய்தால் அவர்கள் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரக்கூடும்.

மன்றத்துடையதாயின், 14 நாட்களுக்குள் செலுத்துவோருக்குப் பாதித் தொகையே. தவறென்று கருதினால் ஆட்சேபிக்கலாம். இரண்டும் செய்யாவிடின் தொகை ஒன்றரை மடங்காகும். பின்னர் பெய்லிஃப் வருவார். அவர் இடும் பூட்டு சட்டப்படியானது.

ஆங்கிலக் கடிதம் என்று ஒதுக்கிவைத்த உறையே பலருக்குப் பெருஞ்செலவாகிறது. புரியாவிடின், நாள் கடக்குமுன் மன்றத்தின் உதவி மையத்துக்கு எடுத்து வாருங்கள்.