டிராகனுக்கு ஆடு கொடுத்தவள் யார் மகள்?

(வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பைப் பார்த்ததும் சிலர் சிரித்திருப்பீர்கள். சாதி ஒழிப்பு பேசுகிற கூட்டத்தில் டிராகனுக்கு என்ன வேலை என்று கேட்டிருப்பீர்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரைப் பற்றியும், அதற்கு மூலமான ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் நாவல்களைப் பற்றியும்தான் பேசப் போகிறேன். குறிப்பாக, அதன் ரசிகர்கள் உருவாக்கிய 'ஃபேன் தியரி'களைப் பற்றி. ஒரு சமூகம் பிறப்பைப் பற்றி என்ன நம்புகிறது என்பதை அதன் சாத்திரங்களில் மட்டும் தேடினால் போதாது. அது பொழுதுபோக்காகக் கட்டுகிற ஊகங்களிலும் தேட வேண்டும்.

இந்த வரிசையின் முதல் நாவல் 1996-இல் வந்தது. அடுத்த ஆண்டிலேயே இணையத்தில் வாசகர்கள் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள். ஜான் ஸ்னோவின் தாய் யார்? நெட் ஸ்டார்க் என்ற பிரபு, திருமணத்துக்கு வெளியே தனக்குப் பிறந்த பிள்ளை என்று சொல்லி ஜானை வளர்க்கிறார். ஆனால் வாசகர்கள் வரிக்கு வரி தோண்டினார்கள். நெட்டின் தங்கை லியானா சாகும்போது வாங்கிய சத்தியம், அவள் இருந்த கோபுரத்தை அரச மெய்க்காவலர் மூவர் காத்து நின்றது, திரும்பத் திரும்ப வரும் நீல ரோஜா. இவற்றையெல்லாம் சேர்த்து ஒரு கணக்குப் போட்டார்கள்: ஆர் கூட்டல் எல் சமம் ஜே. அதாவது, டார்கேரியன் இளவரசன் ரேகருக்கும் லியானாவுக்கும் பிறந்தவன்தான் ஜான்.

கணக்கு சரிதான். தொடரின் ஆறாம் பருவ இறுதியில், 2016-இல், லியானாதான் தாய் என்று காட்டினார்கள். 2017-இல் ஒரு படி மேலே போய், ரேகரும் லியானாவும் முறைப்படி மணந்தவர்கள், ஜானின் உண்மைப் பெயர் ஏகான், அரியணைக்கு அவனே வாரிசு என்றார்கள். கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் முகம் தெரியாத வாசகர்கள் கூடி ஒரு நாவலை வரிவரியாக வாசித்துக் கண்டுபிடித்த விடை அது. அந்த உழைப்பை நான் குறைத்துப் பேச வரவில்லை. என் கேள்வி வேறு. இவ்வளவு ஆயிரம் பக்கங்களில், வாசகர்களை இத்தனை ஆண்டுகள் தூங்கவிடாமல் செய்த கேள்வி ஏன் "இவன் யாருக்குப் பிறந்தான்?" என்பதாக இருந்தது?

வெஸ்டெரோஸ் என்ற அந்தக் கற்பனைக் கண்டத்தின் ஏற்பாட்டைக் கொஞ்சம் பாருங்கள். பிரபுக்களுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகளுக்குத் தனிப் பெயர் உண்டு. வடக்கில் ஸ்னோ, டோர்னில் சாண்ட், வேலில் ஸ்டோன், ஆற்று நாட்டில் ரிவர்ஸ். பெயரைச் சொன்னதும் பிறப்பு தெரிந்துவிடும். எந்தப் பந்தியில் உட்கார வைப்பது என்பதும் தெரிந்துவிடும். இந்தப் பெயர்கூட உயர்குடி ரத்தம் பாதியாவது இருந்தால்தான். உழவனின் பிள்ளைக்கோ மீனவனின் பிள்ளைக்கோ குடும்பப் பெயரே கிடையாது. "உங்க முழுப் பேர் என்ன? அப்பா பேர் என்ன? சொந்த ஊர்ல எந்தத் தெரு?" என்று நம்மை விசாரிக்கிறவர்களுக்கு இந்த ஏற்பாட்டை யாரும் விளக்கத் தேவையில்லை.

இப்போது ஜானின் கதைக்கு வருவோம். அவன் வடக்கே சுவரைக் காக்கும் படையில் சேருகிறான். அங்கே இருப்பவர்கள் திருடர்கள், திருட்டு வேட்டையில் பிடிபட்டவர்கள், தண்டனைக்குப் பயந்து வந்தவர்கள், தந்தை பெயர் இல்லாதவர்கள். அந்தப் படைக்கு ஒரு விதி உண்டு. தலைவனை அவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். 2000-இல் வந்த மூன்றாம் நாவலில் ஜானை 998-வது தளபதியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவன் யார் மகன் என்று அவர்களுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அவன் என்ன செய்தான் என்பதுதான் தெரியும். அந்த உலகத்திலேயே அரிதான, அருமையான காட்சி அது. ஆனால் ரசிகர்கள் அதோடு நிறைவடையவில்லை. ஸ்னோ என்ற பெயரோடு ஒருவன் தலைவனானது அவர்களுக்குப் பாதிக் கதைதான். மீதியை இளவரச ரத்தம் நிரப்ப வேண்டியிருந்தது.

ஜானைப் பொறுத்தவரை ஆசிரியரே தடயம் வைத்திருந்தார், சரி. மற்றவர்களைப் பாருங்கள். டிரியன் லானிஸ்டர் குள்ளன். சொந்தத் தந்தையே வெறுத்தவன். அந்தக் கதையின் கூர்மையான மூளைகளில் ஒன்று அவனுடையது. அவனும் உண்மையில் பித்துப்பிடித்த மன்னன் ஏரிஸுக்குப் பிறந்தவன் என்று ஒரு தியரி. டிராகனுக்கு மூன்று தலை என்று ஒரு வாக்கு நாவலில் வருகிறது. மூன்று டிராகன், மூன்று சவாரிக்காரர்கள், மூவரும் டார்கேரியன்களாகத்தான் இருக்க வேண்டும் என்று கணக்கு. உளவுத் தலைவன் வேரிஸ் அடிமட்டத்திலிருந்து ஏறி வந்தவன். அவனுக்கும் அரச குடும்பத்தின் கிளை ஒன்றைத் தேடிக் கொடுத்தார்கள். சுவருக்கு அப்பால் மன்னர் என்றே ஏற்காத மக்களைத் திரட்டிய மான்ஸ் ரேடர்கூட, சாகாமல் தப்பிய இளவரசன் ரேகர்தான் என்று ஒரு தியரி உண்டு. வரிசையைக் கவனியுங்கள். திறமை எங்கே தெரிந்தாலும், அதற்கு அடியில் ஒரு கிரீடம் புதைந்திருக்க வேண்டும்.

இந்தப் பழக்கத்துக்குப் பதில் சொல்கிற பாத்திரம் ஒன்றை மார்ட்டினே எழுதியிருக்கிறார். 2018-இல் வந்த 'ஃபயர் அண்ட் பிளட்' நூலில் வரும் நெட்டில்ஸ். டார்கேரியன் குடும்பத்துக்குள் அரியணைச் சண்டை. சவாரி செய்ய ஆளில்லாமல் சில டிராகன்கள் இருக்கின்றன. டிராகனை அடக்குகிறவருக்கு நிலமும் பட்டமும் தருவதாக இளவரசன் ஜக்கேரிஸ் அறிவிக்கிறான். டார்கேரியன் ரத்தம் எங்கெங்கோ சிந்தியிருக்கும், அந்த ரத்தம் உள்ளவர்களால் முடியும் என்பது நம்பிக்கை. பலர் எரிந்து சாகிறார்கள். ஷீப்ஸ்டீலர் என்று ஒரு காட்டு டிராகன். ஆடு திருடி என்று பொருள். அதை யாராலும் நெருங்க முடியவில்லை. பதினாறு பதினேழு வயதுப் பெண் ஒருத்தி அதைப் பழக்குகிறாள். பழுப்பு நிறம், கறுத்த முடி, ஒல்லியான உடம்பு, திருடியதற்குத் தண்டனையாக மூக்கில் தழும்பு. துறைமுகத்தில் பிழைத்த ஒருத்தியின் மகள். தந்தை யாரென்று தெரியாது.

எப்படிப் பழக்கினாள்? தினமும் காலையில் புதிதாக அறுத்த ஆடு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். டிராகன் அவளை எதிர்பார்க்கத் தொடங்கும்வரை கொடுத்தாள். அவ்வளவுதான். மந்திரமும் இல்லை, வம்சமும் இல்லை. மாடு மேய்த்தவருக்கும் பன்றி வளர்த்தவருக்கும் தெரிந்த அறிவு அது. விலங்கின் பசியை அறிந்து, பயத்தை அறிந்து, தினமும் போய் நிற்பது.

இதற்குப் பிறகும் ரசிகர்கள் விவாதிப்பது என்ன தெரியுமா? நெட்டில்ஸின் தந்தை யார் என்பதுதான். இளவரசன் டேமனின் மகளாக இருக்கலாம் என்று ஒரு தியரி. கொடுத்த ஆடுகளை யாரும் எண்ணவில்லை. இதே காலத்தைப் பேசும் 'ஹவுஸ் ஆஃப் த டிராகன்' தொடரின் இரண்டாம் பருவம் 2024-இல் வந்தது. அதில் நெட்டில்ஸ் இல்லை. காட்டு டிராகனைத் தேடிப் போகிறவளாக டேமனின் மகள் ரேனாவைக் காட்டினார்கள். ஊர்பேர் தெரியாத பெண்ணின் வேலை ஒரு பிரபு குடும்பத்துப் பெண்ணின் கணக்கில் ஏறிவிட்டது.

நூலுக்குள்ளேயே நெட்டில்ஸுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். டிராகனை அடக்கிய எளிய மனிதர்கள் நான்கு பேர். அதில் ஹ்யூ, உல்ஃப் என்ற இருவர் டம்பிள்டன் போரில் கட்சி மாறுகிறார்கள். உடனே ராணி ரெனீராவின் சபை மற்ற இருவரையும் கைது செய்யச் சொல்கிறது. ஆடமும் நெட்டில்ஸும் எந்தத் தவறும் செய்யவில்லை. பிறப்பு ஒன்றுதான் சாட்சி. ஆடம் தப்பிப் பறந்து, மறுபடி அதே ராணிக்காகப் போரிட்டுச் சாகிறான். நெட்டில்ஸின் தலையை வெட்டும்படி ராணி ஆணை அனுப்புகிறாள். அவளிடம் டிராகன் ரத்தம் இல்லை, சூனியம் வைத்துத்தான் டிராகனைக் கட்டியிருக்கிறாள் என்பது ராணியின் வாதம். வெஸ்டெரோஸின் வரலாற்றில் பிரபுக்கள் செய்த துரோகத்துக்குக் கணக்கில்லை. உதவிக்கு வந்ததாகச் சொல்லி நகரத்துக்குள் புகுந்து சூறையாடியவர் டைவின் லானிஸ்டர். கல்யாண விருந்தில் விருந்தாளிகளைக் கொன்றவர்கள் ஃப்ரேக்களும் போல்டனும். இனிப் பிரபுக்களையே நம்பக் கூடாது என்று எந்தச் சபையும் முடிவெடுக்கவில்லை.

தோழர்களே, ஆக நெட்டில்ஸுக்கு இரண்டே விளக்கங்கள். அவள் ரகசியமாக அரச ரத்தம், அல்லது அவள் சூனியக்காரி. அவளே செய்தாள் என்ற மூன்றாவது விளக்கம் யாருக்கும் தோன்றவில்லை. இந்த இரண்டும் நமக்குப் பழகிய குரல்கள்தாம். நம் பிள்ளை நன்றாகப் படித்தால், ஆங்கிலம் பேசினால், "உன்னைப் பார்த்தா அப்படித் தெரியலையே" என்பார்கள். பாராட்டு போல இருக்கும். உன் திறமை உன் சாதிக்குச் சொந்தமில்லை, வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள். இல்லையென்றால் "கோட்டாவில் வந்ததுதானே" என்பார்கள். சூனியத்துக்கு இன்றைய பெயர் அது. ஒருவர் தவறு செய்தால் "இவனுங்களே இப்படித்தான்" என்பார்கள். அது ரெனீராவின் சபை.

இந்தப் பழக்கம் மேற்கிலிருந்து இறக்குமதியானது என்று நினைக்க வேண்டாம். மகாபாரதத்தில் ஏகலைவன் நிஷாத அரசனின் மகன். குரு இல்லாமல் தானே வில் கற்றவன். பாரதத்தின் பிற்சேர்க்கையான ஹரிவம்சம் அவனை வசுதேவரின் தம்பி மகனாக, நிஷாதர்களிடம் வளர்ந்தவனாக மாற்றுகிறது. கட்டைவிரலைப் பறித்தது போதாமல் பிறப்பையும் பறித்த தியரி அது. கர்ணனுக்காக நாடே அழுகிறது. அவன் உண்மையில் குந்தியின் மகன் என்பதால் அழுகிறது. உண்மையிலேயே தேரோட்டி அதிரதனுக்குப் பிறந்து அதே வில்லை எடுத்த ஒருவன் இருந்திருந்தால்? அவனுக்குக் கதையே இல்லை. வள்ளுவருக்கும் பகவன் என்ற பிராமணத் தந்தையைத் தேடிக் கொடுத்த கதை இங்கே உலவியது. குறளை எழுத ஒரு பிராமண விந்து தேவைப்பட்டதாம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். "அம்பேத்கரே 1946-இல் எழுதிய நூலில், சூத்திரர்கள் ஆதியில் சத்திரியர்கள் என்றுதானே சொன்னார்?" சொன்னார். எதற்குச் சொன்னார் என்று பார்க்க வேண்டும். சூத்திரன் படைப்பிலேயே கீழானவன் என்ற கதையை உடைக்கச் சொன்னார். இந்த நிலை மோதலால், வரலாற்றால் உண்டானது என்று காட்டச் சொன்னார். 1948-இல் தீண்டப்படாதவர்கள் பற்றி எழுதும்போதும் இன வேறுபாட்டை அதற்குக் காரணமாக ஏற்க மறுத்தார். வரலாற்றில் உண்டானதை வரலாற்றில் ஒழிக்கலாம் என்பதே அதிலிருந்து கிடைக்கும் முடிவு. பழைய கிரீடத்தை அவர் திருப்பிக் கேட்கவில்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அவர் நுழைந்த பௌத்தத்தின் வாசலில் வம்சம் கேட்பவர் யாருமில்லை.

இதை நமக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஊருக்கு ஊர் 'ஆண்ட பரம்பரை' பதாகைகள் முளைக்கின்றன. நம்மிலும் சிலருக்கு அந்த ஆசை வருகிறது. இழிவைச் சுமந்தவருக்கு அந்த ஆசை ஏன் வருகிறது என்பது புரிகிறது. ஆனால் "நாங்களும் ராஜா வீட்டுப் பிள்ளைகள்தான்" என்று சொல்லும்போதே, ராஜா வீட்டில் பிறக்காதவருக்கு மதிப்பில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். நமக்குக் கீழே யாரையோ நிறுத்துகிறோம்.

டார்கேரியன் ரத்தமாவது அவர்களைக் காப்பாற்றியதா? ரத்தம் பேசிய ரெனீராவை ஒரு டிராகன்தான் தின்றது. ஜானின் பிறப்பு ரகசியம் வெளியானதும் தொடரில் அவனுக்கு என்ன கிடைத்தது? பகை, கொலை, கடைசியில் பழைய சுவருக்கே நாடுகடத்தல். 2019-இல் வந்த இறுதி அத்தியாயத்தில் அடுத்த மன்னரைத் தேர்வு செய்யப் பிரபுக்கள் கூடுகிறார்கள். எல்லா மக்களையும் கேட்கலாமே என்கிறான் சாம். நாய்க்கும் வாக்கு கொடுக்கலாமா, குதிரையைக் கேட்கட்டுமா என்று சிரிக்கிறார்கள். 1928-இல் சைமன் குழுவின் முன்பு வயது வந்த எல்லோருக்கும் வாக்கு கேட்டவர் அம்பேத்கர். அந்தச் சிரிப்பு அவருக்குப் புதிதாக இருந்திருக்காது.

இந்த நாவல்களை வாசியுங்கள், தொடர்களைப் பாருங்கள், தியரி போடுங்கள். வரிவரியாகத் தோண்டும் பழக்கம் நமக்கு வேண்டும். ஆனால் தோண்டும்போது வேறு கேள்விகளையும் கேளுங்கள். சுவரைக் கட்டியவர்கள் யார்? விருந்துக்குச் சமைத்தவர்கள் யார்? டிராகனுக்குத் தினமும் ஆடு அறுத்துக் கொடுத்தவள் எப்படி அதைக் கற்றுக்கொண்டாள்? அவள் யார் மகள் என்பது தெரியாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.