மைனஸ் 999.9 டிகிரி

மோங்கோடிபி தரவுத்தளத்தில் வேலை செய்பவர்களுக்கு 'டாலர் மின்' பழகிய ஆள். 'டாலர் குரூப்' கட்டத்தில் போட்டால் ஒவ்வொரு குழுவிலும் உள்ள சிறிய மதிப்பை எடுத்துக் கொடுக்கும். 2012-ல் 2.2 பதிப்போடு அக்ரிகேஷன் வந்த நாள் முதல் அது இருக்கிறது. இப்போது ஒரு மோஸ்தர் கிளம்பியிருக்கிறது. மின் எதற்கு, ஏறுவரிசையில் சார்ட் செய்து லிமிட் 1 போடு, இண்டெக்ஸ் இருந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் விடை என்கிறார்கள். வேகம் உண்மைதான். இண்டெக்ஸின் முனையில் ஒரே ஒரு பதிவைத் தொட்டுவிட்டுத் திரும்பலாம். ஆனால் இந்த இரண்டு வழிகளும் கேட்பது ஒரே கேள்வி இல்லை. வேகத்தைப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை.

வானிலை நிலையங்களின் தினசரிப் பதிவுகளை எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் வெப்பமானி பழுது. அன்றைய ஆவணத்தில் வெப்பம் என்ற புலமே இல்லை, அல்லது மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் 'நல்' இருக்கிறது. பேரில்தான் நல், குணத்தில் இல்லை. சார்ட் வரிசையில் எல்லா எண்களுக்கும் முன்னால் நிற்பது இந்த நல். இல்லாத புலமும் அங்கே நல்லாகவே எண்ணப்படும். ஆக, லிமிட் 1 எடுத்துத் தருவது மானி பழுதான நாளை. மிகக் குளிர்ந்த நாள் அதுதான் என்று அறிக்கையும் போய்விடும். டாலர் மின் அப்படிச் செய்யாது. நல்லையும் இல்லாததையும் தாண்டிப் போய், இருக்கிற மதிப்புகளில் சிறியதைத் தரும். எதுவுமே இல்லாவிட்டால்தான் நல் தரும். திரும்பச் சொல்கிறேன்: சார்ட் நல்லை முதலில் நிறுத்தும், மின் நல்லைத் தாண்டும். இந்த ஒன்றுக்காகவே என் ஓட்டு மின்னுக்கு.

அதற்காக மின் சொன்னதெல்லாம் சரி என்று வைத்துக்கொள்ளவும் முடியாது. அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவா வெளியிடும் ஜிஎச்சிஎன் தினசரித் தொகுப்பில் வெப்பநிலை பத்தில் ஒரு டிகிரிக் கணக்கில் இருக்கும். அளவு கிடைக்காத நாளுக்கு -9999 என்று எழுதியிருப்பார்கள். அதை அப்படியே ஏற்றிவிட்டு மின் கேட்டால் -9999 வரும், அதாவது மைனஸ் 999.9 டிகிரி. இயற்பியலில் -273.15-க்குக் கீழே குளிரே கிடையாது! மின்னுக்கு அது எப்படித் தெரியும்? அதற்கு அதுவும் ஓர் எண். அதே நோவாவின் மணிநேரப் பதிவுத் தொகுப்பில் காற்றின் வெப்பநிலை விடுபட்டால் எழுதுவது +9999. அங்கே மின் தப்பிக்கும், பெரிய மதிப்பைத் தேடும் மேக்ஸ் மாட்டிக்கொள்ளும்.

இதைவிட ஓசைப்படாத கோளாறு ஒன்று உண்டு. சிஎஸ்வி கோப்பிலிருந்து ஏற்றும்போது சில எண்கள் எழுத்துச் சரங்களாக உள்ளே போய்விடும். மோங்கோடிபியின் ஒப்பீட்டு வரிசையில் எந்த எண்ணும் எந்தச் சரத்தைவிடவும் சிறியது. அண்டார்டிகாவின் வோஸ்டாக் நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று பதிவான -89.2 சரமாக இருந்து, பக்கத்தில் 12 எண்ணாக இருந்தால், மின் 12 என்றே சொல்லும். எல்லாமே சரமாக இருந்தால் ஒப்பீடு எழுத்தெழுத்தாக நடக்கும்; -12-க்கும் -89.2-க்கும் போட்டி வந்தால் 1 முந்திவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது, விடை மட்டும் தப்பாக வரும்.

ஆகவே குரூப்புக்கு முன்னால் ஒரு 'டாலர் மேட்ச்' வையுங்கள். புலத்தின் வகை எண்ணாக இருக்க வேண்டும், மதிப்பு -9999 ஆக இருக்கக் கூடாது, இரண்டே நிபந்தனை. பைப்லைனின் முதல் கட்டமாக வைத்தால் இண்டெக்ஸையும் பயன்படுத்திக்கொள்ளலாம். 'ஸ்கீமா வேலிடேஷன் இருக்கும்போது இது எதற்கு' என்பார்கள். 3.6 முதல் ஜேசன் ஸ்கீமா இருப்பது சரிதான். ஆனால் அது இனி எழுதப்படுவதைத்தான் சோதிக்கும். ஏற்கெனவே உள்ளே கிடக்கும் ஆவணத்தை, யாராவது மாற்றும் வரை, தொடாது. இன்னும் சிலர் எதிர்ப்பக்கம் போய், -60-க்குக் கீழ் வந்தால் பிழை என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டுகிறார்கள். அப்படி வெட்டினால் வோஸ்டாக்கும் சேர்ந்து போய்விடும். குறைந்தபட்சத்தைத் தேடுகிறவர் ஓரத்தில் நிற்பதைச் சந்தேகிக்கலாம், ஓரத்தில் நிற்கிறது என்பதற்காகவே நீக்கக் கூடாது. விடுபட்டதற்கான குறியீட்டை மட்டும் பெயர் சொல்லி நீக்குங்கள்.

ஒரு மனக்குறை மட்டும் மின் மீது உண்டு. மதிப்பைச் சொல்லும், எந்த நிலையம், எந்த நாள் என்று சொல்லாது. அதற்கு 5.2-ல் வந்த 'டாலர் டாப்' இருக்கிறது, மதிப்போடு தேதியையும் சேர்த்துத் தரும். அது சார்ட் வரிசைப்படி நடப்பது. ஏறுவரிசை கொடுத்தால் நல் மறுபடியும் முதலில் வந்து நிற்கும். அந்த மேட்ச் கட்டத்தை எடுத்துவிடாதீர்கள்.