அட்டையில் ஏறாத ஊசி





பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவதைப் பற்றி நாம் முன்பும் பேசியிருக்கிறோம். போட்ட ஊசி எப்படி அரசின் கணக்கில் ஏறுகிறது, அந்தக் கணக்கு சரியா என்று எப்படிச் சோதிப்பது என்பதை இன்று பார்ப்போம். கேட்பதற்கு இது அலுவலக விஷயமாகத் தெரியலாம். ஆனால் எந்தத் தெருவில் முகாம் போடுவது, எங்கே எவ்வளவு மருந்து அனுப்புவது என்பதை அதிகாரிகள் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

சுகாதார செவிலியர் ஊசி போட்டதும் நம் அட்டையிலும் தம் பதிவேட்டிலும் குறிக்கிறார். மாத முடிவில் அது கூட்டப்பட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வட்டாரம், மாவட்டம் என்று மேலே போகிறது. கடைசியில் எச்.எம்.ஐ.எஸ். என்ற தேசிய சுகாதாரத் தகவல் அமைப்பில் சேர்கிறது. இந்த இணையதளம் 2008 முதல் இயங்குகிறது. இத்தனை கை மாறும்போது எண்ணில் பிழை நுழைய இடமுண்டு. அதைக் கண்டுபிடிக்க உலக சுகாதார நிறுவனம் சில வழிகளைச் சொல்கிறது.

முதலாவது, அறிக்கை முழுமையாகவும் உரிய நாளிலும் வந்ததா என்று பார்ப்பது. பத்து நிலையங்களில் எட்டு மட்டும் அனுப்பியிருந்தால், மாவட்டக் கணக்கு குறைந்துதான் தெரியும்.

இரண்டாவது, எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பது. பென்டாவேலன்ட் ஊசியின் முதல் தவணை 6 வாரத்தில், மூன்றாவது 14 வாரத்தில். ஓர் ஆண்டுக் கணக்கில் முதல் தவணையைவிட மூன்றாவது தவணை வெகுவாகக் கூடியிருந்தால் எங்கோ தவறு இருக்கிறது. பதிவேட்டை மறுபடி எண்ணிப் பார்ப்பதும் இதில் சேரும். அறிக்கையில் 100 என்று எழுதி, பதிவேட்டில் 80 மட்டும் இருந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது.

மூன்றாவது, வெளி ஆய்வோடு ஒப்பிடுவது. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019–21இல் நடந்தது. தேர்ந்தெடுத்த வீடுகளுக்குச் சென்று தடுப்பூசி அட்டையைப் பார்த்தும் தாயிடம் கேட்டும் எழுதினார்கள். அந்த எண்ணும் நிலையங்கள் அனுப்பிய எண்ணும் வெகு தூரம் விலகினால் காரணம் தேட வேண்டும்.

நான்காவது, மொத்தப் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற மதிப்பீடு. 1000 குழந்தைகள் என்று மதிப்பிட்ட இடத்தில் 1080 பேருக்கு ஊசி போட்டதாக வந்தால் 108 சதவீதம் ஆகிறது. மதிப்பீடு குறைந்திருக்கலாம், வெளியூர்ப் பிள்ளைகளும் வந்திருக்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து கணித்த எண்களை நெடுங்காலம் வைத்துக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும்.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். தட்டம்மை பரவாமல் இருக்க 100 பிள்ளைகளில் 95 பேராவது இரண்டு தவணையும் போட்டிருக்க வேண்டும். மாவட்டச் சராசரி 95 என்று இருந்தாலும் ஒரு தெருவில் 60 பேர் மட்டுமே போட்டிருக்கலாம். சராசரிக்குள் அந்தத் தெரு மறைந்துவிடும். 2022 இறுதியில் மும்பையின் கோவண்டிப் பகுதியில் தட்டம்மை பரவியபோது பிள்ளைகளின் உயிர் போனது. ஊசி போடாத பிள்ளைகள் ஓரிடத்தில் சேர்ந்திருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை அது காட்டியது.

கணக்கு விடுபடும் இடங்கள் நம் வீடுகளிலும் உண்டு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பெண், ஒரு ஊரில் பதிந்து வேறு ஊரில் பிள்ளை பெறுகிறார். இரண்டு ஊரிலும் கணக்கில் ஏறலாம், இரண்டிலும் விடுபடலாம். தனியார் மருத்துவமனையில் போட்ட ஊசி அரசுப் பதிவேட்டுக்கு வராமல் போகலாம். ஆதாரில் ‘முகமது’, மருத்துவச் சீட்டில் ‘முஹம்மத்’ என்று இருந்தால் ஒரே பிள்ளை இரண்டு பேராகிவிடுகிறது.

ஆகவே நாம் செய்யக்கூடியவை இவை:

கர்ப்பம் தெரிந்ததும் பதிந்து பிக்மி எண் பெறுவோம். தாய்வீடு போகும்போது அந்த எண்ணையும் அட்டையையும் எடுத்துச் சென்று அங்குள்ள செவிலியரிடம் காட்டுவோம்.

எல்லாச் சீட்டிலும் பெயரை ஒரே எழுத்தில் எழுதச் சொல்வோம்.

தனியாரிடம் ஊசி போட்டால், தேதியோடு அட்டையில் குறித்து வாங்கி, நம் பகுதிச் செவிலியரிடமும் சொல்லிவிடுவோம்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்வோம். பிள்ளை பிறந்த ஊரில்தான் அது பதிவாகும்.

போடாத ஊசியைப் போட்டதாகச் சொல்ல வேண்டாம். விடுபட்டது தெரிந்தால்தான் செவிலியர் அதைப் போட முடியும்.

இன்று வீட்டுக்குப் போனதும் அட்டையை எடுத்துப் பாருங்கள். 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று என இரண்டு தட்டம்மை–ரூபெல்லா ஊசிக்கும் தேதி இருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த தடுப்பூசி நாளன்றே பிள்ளையை அழைத்துச் செல்வோம், இன்ஷா அல்லாஹ்.