அழுதால்தான் நடிகனா?

பின்வரிசையில சுண்டல் பொட்டலத்தோட உட்கார்ந்திருக்கிற தம்பிகளுக்குத் தனியா ஒரு வணக்கம். கைதட்டல் எப்பவும் அங்கேருந்துதான் கிளம்பும், அனுபவத்துல சொல்றேன்.

சின்னத்திரையில சிரிக்க வெச்சவங்க பெரிய திரையில என்ன ஆனாங்கங்கிறதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. குறிப்பெல்லாம் எழுதிக்கிட்டுத்தான் வந்தேன். ஆனா எனக்கு முன்னாடி பேசின நண்பர் போற போக்குல, "எம்.எஸ்.பாஸ்கர் இப்பதான் நடிகராயிருக்கார்"னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டார். குறிப்பை மடிச்சு சட்டைப்பையில வெச்சுட்டேன். இனிமே அது எதுக்கு?

இப்பதானா? 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'ன்னு சன் டிவியில வந்துச்சே, மறந்துட்டீங்களா? இந்த மண்டபத்துல நாற்பது வயசைத் தாண்டின எந்தத் தாய்மார்கிட்ட வேணும்னாலும் பட்டாபி யாருன்னு கேட்டுப் பாருங்க. அங்க பாருங்க, அந்த அம்மா இப்பவே சிரிக்கிறாங்க! இருபது இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு ஒரு பேரைச் சொன்னதும் ஒரு அம்மா முகத்துல சிரிப்பு வருதுன்னா, அதுக்குப் பேர் நடிப்பு இல்லாம வேற என்னய்யா?

2007ல 'மொழி' வந்துச்சு, ராதாமோகன் படம். அதுல பாஸ்கர் ஒரு பேராசிரியர். மகன் செத்துப்போன வருஷத்துலயே அந்த மனுஷனோட புத்தி நின்னு போச்சு. வெளிய நாள் ஓடுது, அவருக்கு ஓடலை. எப்பவோ நடந்து முடிஞ்ச சங்கதியை இன்னைக்குக் காலையில பேப்பர்ல பார்த்த மாதிரி உற்சாகமாப் பேசுவார். தியேட்டரே சிரிச்சுது, நானும் சிரிச்சேன். உன் மகன் இல்லைய்யான்னு அவருக்கு உறைக்கிற இடம் வருது பாருங்க, அந்த அழுகை! அதுவரைக்கும் சிரிச்ச ஒவ்வொருத்தனுக்கும் தொண்டையில முள் மாட்டுச்சு. நம்மளைச் சிரிக்க வெச்சுட்டு அப்புறம் அடிக்கிறார். அந்தச் சிரிப்பு இல்லேன்னா அந்த அடி பாதிகூட விழுந்திருக்காது. எந்த இடத்துல ஒரு நொடி நிறுத்தணும், எந்த வார்த்தையை முழுங்கணும், பக்கத்துல நிக்கிறவன் பேசி முடிக்கிற வரைக்கும் முகத்தை எப்படி வெச்சுக்கணும்? இந்தக் கணக்கையெல்லாம் அவர் அழுறதுக்காகக் கத்துக்கலை. பட்டாபியா நின்னப்ப கத்துக்கிட்டது.

பேராசிரியர்னு சொன்னதும் இன்னொருத்தர் ஞாபகம் வர்றார். 'நம்மவர்', 1994. அதுலயும் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு பேராசிரியர். யார்? நாகேஷ்! (கைதட்டுங்க, அவருக்குத் தட்டாம யாருக்குத் தட்டப் போறீங்க?) 1964லயே 'சர்வர் சுந்தரம்', அடுத்த வருஷம் 'நீர்க்குமிழி', 1968ல 'எதிர்நீச்சல்'. இத்தனையும் பண்ணின மனுஷனுக்கு டெல்லி எப்ப தேசிய விருது கொடுத்துச்சு? 'நம்மவர்'ல மகளுக்காக அழுத பிறகு. அதுவும் என்ன விருது? துணை நடிகர்! 2025ல அறிவிச்சாங்களே, 'பார்க்கிங்' படத்துக்காக எம்.எஸ்.பாஸ்கருக்கு, அது என்ன விருது? அதுவும் துணை நடிகர்! அந்தப் படத்தைப் பார்த்தவங்க சொல்லுங்க. கைநீட்டாத அரசு ஊழியர், ரிட்டயர்மெண்ட் நெருங்கிருச்சு. மாடிக்குக் குடிவந்த பையன் கார் வாங்கி நிறுத்துறான். கீழ்வீட்டு மனுஷனுக்கு அந்தப் பத்தடி இடத்துல மானப் பிரச்சினை வந்துருது. வாழ்நாள் பூரா நேர்மையா இருந்தவன் வீம்புக்காக எவ்வளவு தூரம் இறங்குவான்னு காட்டுறார். படத்தோட பாதிப் பாரம் அவர் தோள்ல. இவரு துணையாம்! யாருக்குத் துணைங்க?

சரி, கேரளாவுக்குப் போவோம். சுராஜ் வெஞ்ஞாரமூடு. மிமிக்ரி மேடையிலயும் டிவியிலயும் திருவனந்தபுரத்துப் பேச்சை வெச்சே ஊரைச் சிரிக்க வெச்சவர். 2013ஆம் வருஷத்துப் படங்களுக்கு விருது கொடுக்கிறாங்க. 'பேரறியாத்தவர்'னு ஒரு படம், அதுல அவர் துப்புரவுத் தொழிலாளி. அதுக்கு டெல்லி சொல்லுது, இந்தியாவிலேயே சிறந்த நடிகர்னு. அதே வருஷத்துக்கு அவர் சொந்த மாநிலம் வேற ஒரு படத்துக்காக அவருக்கு என்ன கொடுத்துச்சு தெரியுமா? சிறந்த நகைச்சுவை நடிகர்! வீட்டுல ஒரு தராசு, வெளியில ஒரு தராசு. அதுக்கு முன்னாடி சலீம்குமார், அவரும் சிரிக்க வெச்சே வந்தவர்தான். ஹஜ்ஜுக்குப் போக ஆசைப்படுற அத்தர் வியாபாரியா நடிச்சு, நம்ம 'ஆடுகளம்' தனுஷோட சிறந்த நடிகர் விருதைப் பங்கு போட்டுக்கிட்டார். அவங்க ரெண்டு பேருக்கும் துணை கினைன்னு யாரும் சொல்லலை. அந்த மட்டுல மலையாளத்தான் கெட்டிக்காரன்.

நம்ம ஊர்லயும் ஒருத்தர் இருக்கார். பேர் சொல்ல மாட்டேன், சொன்னா அவருக்குக் கூச்சம். மாரியம்மன் கோயில் திருவிழா, ராத்திரி ஒரு மணிக்குப் பாட்டுக் கச்சேரிக்காரங்க டீ குடிக்கப் போவாங்க. அந்தக் கால் மணி நேரத்தை மட்டும் இவர்கிட்ட ஒப்படைப்பாங்க. மைக்கு இவர் கைக்கு வரும். எம்.ஆர்.ராதா வருவார், ரயில் வரும், கண்டக்டர் விசில் வரும். எனக்கு மறக்காதது அதெல்லாம் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவுல காத்திருக்கிற ஒரு கிழவனைப் பண்ணுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். துண்டை மடிப்பார், பிரிப்பார், நர்ஸ் போற பக்கம் எந்திரிப்பார், மறுபடி உட்காருவார். கூட்டம் முதல்ல சிரிக்கும், அப்புறம் சத்தமே இருக்காது. ஒரு டிவி தேர்வுக்குப் போனார், சென்னைக்கு. கிழவனைப் பண்ணிக் காட்டினாராம். "காமெடி இருந்தா பண்ணுங்க, சோகம் வேண்டாம்"னு திருப்பி அனுப்பிட்டாங்க.

யோகி பாபுவை மட்டும் எல்லாருக்கும் உடனே பிடிச்சுப் போச்சுன்னா நினைக்கிறீங்க? விஜய் டிவி 'லொள்ளு சபா'வுல ஓரத்துல நின்ன மனுஷன். அந்த நிகழ்ச்சி பெரிய பள்ளிக்கூடம்யா! கோடிக்கணக்குல எடுத்த படத்தை நாலு தட்டியை வெச்சுக்கிட்டுக் கிழிச்சுத் தொங்க விடுவாங்க. சந்தானம் அங்கேருந்து வந்தார். மனோகரும் சுவாமிநாதனும் இன்னைக்கும் 'லொள்ளு சபா'வை இனிஷியல் மாதிரி முன்னாடி போட்டுக்கிட்டு வர்றாங்க. அந்த யோகி பாபுதான் 'மண்டேலா'வுல மரத்தடியில முடி வெட்டுறார். ஊருக்கே அவர் இளிச்சவாயன். அந்த ஊர் அவருக்குன்னு ஒரு பேர்கூட வெச்சிருக்கலை. தபாலாபீஸ் பொண்ணு வெச்ச பேரு நெல்சன் மண்டேலா. அவர் கையில ஒரு ஓட்டு வந்ததும் ஊரே காலைப் பிடிக்குது. அந்தப் படம் முதல்ல எங்க வந்துச்சு? தியேட்டர்ல இல்லை, அதே விஜய் டிவியில! 2021 ஏப்ரல் 4. நாம ஓட்டுப் போட ரெண்டே நாள் இருக்கு. டைரக்டர் மடோன் அஸ்வினுக்குத் தேசிய விருது கிடைச்சுது, சந்தோஷம். யோகி பாபுவோட அந்த முகத்துக்கு? நான் ஒண்ணும் சொல்லலை.

'கலக்கப் போவது யாரு'வுல குரல் மாத்திப் பேசின திருச்சிப் பையன் சிவகார்த்திகேயன், நாகேஷ் படத்துப் பேரையே வெச்ச இன்னொரு 'எதிர்நீச்சல்'ல ஓடினார். 2024ல 'அமரன்'. மேஜர் முகுந்த் வரதராஜனா நின்னார், நாம அழுதோம். உடனே ஒரு கூட்டம் கிளம்பிச்சு, "இனிமே அவரு காமெடி பண்ணக் கூடாது, கௌரவம் போயிடும்"னு. யாருடைய கௌரவம்? போன மாசம் ஒரு பட்டிமன்றத்துல ஒரு நடுவர், சிரிக்க வைக்கிறவன் இரண்டாம் தரம்னு தீர்ப்பு சொன்னாராம். ரெண்டரை மணி நேரம் நடந்த அந்தப் பட்டிமன்றத்துல எத்தனை ஜோக்கு சொன்னார்னு கேளுங்க. எல்லாம் நான் சொன்ன ஜோக்கு! அதையாவது சரியாச் சொன்னாரான்னா அதுவும் இல்லை. சிரிப்பு வர்ற இடத்துக்கு முன்னாடி அவரே சிரிச்சுட்டாராம்.

மணி ஆச்சுன்னு சீட்டு வந்துருச்சு. ஒரே ஒரு விண்ணப்பம். நம்ம வாசகர் வட்டத்து ஆண்டு விழாவுல நாடகம், இசை, எழுத்துன்னு வரிசையாப் பரிசு கொடுக்கிறோம். நகைச்சுவைக் கலைஞருக்குக் கடைசியாத்தான் கூப்பிடுறோம். அதுக்குள்ள பாதிப் பேர் கடைசி பஸ்ஸைப் பிடிக்க எந்திரிச்சுப் போயிடுறோம். இந்த வருஷம் அதை முதல்ல கொடுங்க. யாருக்குக் கொடுக்கணும்னும் சொல்லிட்டேன், பேரை மட்டும் செயலாளர் காதுல தனியாச் சொல்றேன். அவர் மேடையேறினா பொன்னாடை போர்த்தி உடனே அனுப்பிடாதீங்க. அந்த ஆஸ்பத்திரிக் கிழவனைப் பண்ணச் சொல்லி கால் மணி நேரம் மைக்கைக் கொடுங்க. செயலாளர் தலையாட்டிட்டார், பின்வரிசைத் தம்பிகள்தான் சாட்சி.